நீல வட்டங்கள்

அவருடைய இடது கையில், மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவே, எப்போதும் இரண்டு மூன்று நீல வட்டங்கள் இருக்கும். பேனையால் கீறியவை. ஒன்று ஒழுங்காக, இன்னொன்று முட்டை போலக் கோணலாக. முதன்முதலில் பார்த்தபோது ஏதோ தோல் வருத்தம் என்று நினைத்து நான் கொஞ்சம் தள்ளி நின்றேன்.

மகளைக் கூட்டிவரப் போயிருந்தேன். மொன்றியல் நகரத்தின் வில்லரேயில் ஒரு தொடக்கப் பள்ளி. பள்ளி விட்ட பிறகு, வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை மாலை வரை கீழ்த்தளத்தில் வைத்துப் பார்ப்பார்கள். அங்கே அவர் வேலை செய்தார். மட்டக்களப்புப் பக்கத்துப் பெண். ஐம்பது வயதைத் தாண்டியவர். மாநிறம், கட்டையான உருவம், எந்த வெயிலிலும் கழற்றாத ஒரு சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. தமிழ் ஆட்கள் எல்லோரும் அவரை ரீச்சர் என்றுதான் கூப்பிட்டோம். அவர் ஒவ்வொரு முறையும் திருத்துவார்.

"நான் ரீச்சர் இல்ல தம்பி. ரீச்சர்மார் மேல் மாடியில இரிக்காங்க. அவங்க வீட்ட போனதுக்குப் பிறகு மிச்சத்தப் பாக்கிற ஆள் நான்."

எங்கள் வான் வண்டியில் ஏறியதும் மகளிடம் வட்டங்களைப் பற்றிக் கேட்டேன். அவளுக்கு அப்போது ஏழு வயது.

"அது பசை அப்பா. மற்றது பழுப்புப் பெயின்ற். சின்ன வட்டம் ஓக் மரத்துக் கொட்டை. அது நான் கீறினது."

விஷயம் இதுதான். பிள்ளைகளின் கை நாளைக்கு எதைத் தொடப்போகிறதோ, அது இன்றைக்கு அவருடைய கையில் படவேண்டும். ஒரு சொட்டுப் பசை, ஒரு கீற்று வர்ணம், கசக்கிய ஒரு இலை. தேய்த்துவிட்டு, அந்த இடத்தைச் சுற்றி வட்டம் கீறச் சொல்லி ஒரு பிள்ளையிடம் பேனையைக் கொடுப்பார். பிள்ளைகள் அதற்குத் தங்களுக்குள் அடிபடுவார்கள். பிறகு ஒரு ராத்திரி போகவேண்டும். அடுத்த நாள் வட்டத்துக்குள் தோல் சும்மா இருந்தால் பெட்டி திறக்கப்படும்.

அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு கொஞ்சம். அதில் அடிக்கடி வந்தது 'அத்தாந்தே' என்ற சொல். பொறுங்கள் என்று அர்த்தம். பெற்றோர் மத்தியில் அவருக்கு அத்தாந்தே மனிசி என்றே பெயர் இருந்தது.

குளிர்காலத்தில் அவ்வளவு பிரச்சினை இல்லை. பஞ்சும் கடதாசியும்தான் வேலை. இலையுதிர்காலம் வந்தால் அவருடைய கையில் இடம் போதாது. இந்த ஊர்ப் பள்ளிகளில் அந்தப் பருவத்தில் வெளியில் கிடக்கும் எல்லாவற்றையும் உள்ளே கொண்டுவந்து ஏதாவது செய்வார்கள். இலையில் ஆந்தை, இலையில் நரி, கொட்டையில் முள்ளெலி, பூசணி விதையை ஒட்டிச் சூரியகாந்தி. விதை என்றால் சும்மா தேய்த்தும் விடமாட்டார். பச்சையாக நாலைந்தை மென்று விழுங்கிவிட்டு, அன்றைக்கு இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிடுவார். பிள்ளை வாயில் போடும், அதனால் தானும் வாயில் போட்டுப் பார்க்கவேண்டும் என்பது அவருடைய கணக்கு.

அந்தப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் இளம் வயது வெள்ளைக்காரப் பெண். நல்ல பெண். ஒரு நாள் பசைப் பெட்டியைத் திருப்பி, இது பிள்ளைகளுக்குக் கேடில்லை என்று எழுதியிருப்பதைக் காட்டினார். நான் பக்கத்தில் நின்றேன். ரீச்சர் அந்த எழுத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து மரியாதையாகப் பார்த்தார். பிறகு தமிழில் என்னிடம் சொன்னார்.

"பெட்டில எழுதின ஆளுக்கு நம்மட புள்ளயளத் தெரியுமா தம்பி?"

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. என் பிரெஞ்சு அவருடையதை விட மோசம். நான் படித்தது எட்டாம் வகுப்பு வரைக்கும். அதற்குப் பிறகு இடம்பெயர்ந்து, படகு ஏறி, இந்தியாவில் கொஞ்சக் காலம், மலேசியாவில் கொஞ்சக் காலம், பிறகு கனடா. இங்கே வந்தும் ஒரு இடத்தில் நிற்கவில்லை. எங்கே வேலை என்று சொல்கிறார்களோ அங்கே போவேன். மனைவி ஜான்-டலோன் சந்தையில் காய்கறிக் கடையொன்றில் நின்றார். அதனால் குடும்பம் மொன்றியலில் நின்றது.

பள்ளி வாசலில் குளிரில் காத்து நிற்கும் தாய்மார் அவரைப் பற்றிக் கதைக்காத நாள் இல்லை.

"என்ர பெடி சொல்றான், அந்த மனிசி பசையை நக்கிப் பாக்குதாம்."

"நக்கட்டும். எங்கட பிள்ளையளுக்கு நக்கக் குடுக்காட்டிச் சரி."

"பகிடி விடாதையடி. மற்றப் பிள்ளையள் ஆந்தை செய்து, நரி செய்து, சுவர் நிறைய ஒட்டியாச்சு. எங்கடையள் இன்னும் அவவின்ர கையில வட்டம் கீறிக்கொண்டு நிக்குதுகள்."

அது உண்மைதான். அவருடைய பிள்ளைகளின் சுவர் எப்போதும் பிந்தித்தான் நிரம்பும். பிந்தினாலும், அதில் இருந்த நரிகளுக்கு நாலு காலும் நாலு திசையில் இருக்கும், ஆந்தைக்கு மூன்று கண் இருக்கும். அதை அவர் திருத்தமாட்டார். ஆபத்தா என்று பார்ப்பதோடு அவருடைய வேலை முடிந்தது.

வீட்டில் எங்களுக்கும் அது தொற்றியது. மனைவி புதிய சவுக்காரம் ஒன்று வாங்கி வந்தால், மகள் அதைக் கையில் தேய்த்து வட்டம் கீறிவிட்டுக் குளிக்கமாட்டேன் என்று நிற்பாள்.

"சவுக்காரத்துக்கும் ஒரு ராத்திரியோ? போடி உள்ளுக்கு!" என்று கத்திவிட்டு மனைவி என் பக்கம் திரும்புவார். "நீங்கள் வீட்டில இருந்தாத்தானே அவள் உங்களைப் பாத்துப் பழக. ஆரைக் காணுறாளோ அவையைத்தான் பழகுவாள்."

எனக்கும் ஒரு வகைப் பயம் இருந்தது. ஊரில் ஷெல் விழுந்த பிறகு சிலருக்குக் கதவைப் பத்துத் தரம் பூட்டிப் பார்க்கும் பழக்கம் வந்தது. இந்த வட்டமும் அப்படி ஏதாவதோ, அதைப் பிள்ளைகளின் தலையில் கட்டுகிறாரோ என்று யோசித்தேன். ஒரு நாள் பள்ளியில் மற்றப் பிள்ளைகள் எல்லாம் போய்விட்டார்கள். மகள் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தாள். அவர் மேசை துடைத்தார். நான் நேரடியாகக் கேட்டேன்.

"ஏன் அக்கா உங்களுக்கு இந்த வேலை?"

துடைத்துக்கொண்டே சொன்னார். "இடம்பெயந்து போகக்குள்ள ஒரு கிணறு தம்பி. தங்கச்சிக்குச் சரியான தாகம். நான் விட்டுக் குடுத்தன். ஒருக்காத்தான். ஒருக்காத்தான் நான் ரெண்டாவதாக் குடிக்க நிண்டன்."

மேசை ஏற்கெனவே சுத்தமாக இருந்தது. இன்னொரு தரம் துடைத்தார். எனக்கும் அப்படியான நஞ்சுக் கிணறுகள் தெரியும். தாய்மார் பகிடி விட்டால் சிரிப்பதை அன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

இனி அந்தச் சிவப்பு இலைகள்.

அடுத்த ஆண்டு இலையுதிர்காலம். நான் தூரத்து மாகாணமான அல்பேர்ட்டாவில் இறைச்சித் தொழிற்சாலை ஒன்றில் நின்றுவிட்டுத் திரும்பி, சென்ட் லோரன்டில் ஒரு கிடங்கில் பெட்டி ஏற்றினேன். அல்பேர்ட்டாவில் இருந்தபோது மகளின் பிறந்தநாளுக்கு வருவேன் என்று சொல்லி வரவில்லை. பேந்து, இன்னொரு நாளைக்கு வருவன் என்றேன், அந்தப் பேந்தும் போய்விட்டது. அவள் அழுததாக மனைவி சொல்லவில்லை. கேட்கவில்லை என்றுதான் சொன்னார். அப்பா எப்போது வருவார் என்று கேட்பதையே விட்டுவிட்டாளாம்.

வெள்ளிக்கிழமை பிள்ளைகள் இலையில் கிரீடம் செய்து தலையில் வைத்துக்கொண்டு பள்ளியைச் சுற்றி ஊர்வலம் போவதாக இருந்தது. நெற்றியைச் சுற்றி ஒரு மட்டைப் பட்டி, அதன் மேல் அடுக்கடுக்காக இலை. முந்திய ஆண்டுப் பிள்ளைகளின் கிரீடம் சிவப்பு. இந்த ஆண்டு மழையும் காற்றும் சேர்ந்து சிவப்பு மரங்களை முன்னதாகவே மொட்டையாக்கிவிட்டன. மிஞ்சியது மஞ்சள்தான். பிள்ளைகள் முகம் தொங்கிப்போய் இருக்க, என் மகள் எழும்பி நின்று ஒன்று சொல்லியிருக்கிறாள்.

அதை வானுக்குள் ஏறி, பட்டி போட்ட பிறகுதான் என்னிடம் சொன்னாள்.

"அப்பா, நான் சொல்லிப்போட்டன்."

"என்னத்தை?"

"நீங்கள் சிவப்பு இலை கொண்டு வருவீங்களெண்டு."

"ஆரிட்டச் சொன்னனீ?"

"எல்லாரிட்டையும்." பிறகு, "நீங்கள் மறந்தா?"

"மறக்கமாட்டன்."

"அல்பேர்ட்டாவுக்குப் போனா?"

நான் திரும்பிப் பார்த்தேன். பழைய தொழிற்சாலையில் மறுபடியும் ஆள் எடுக்கிறார்கள், சனிக்கிழமை விடிய முதல் தன் வாகனத்தில் புறப்படலாம் என்று ஒரு நண்பன் எடுத்த அழைப்பை அவள் கேட்டிருக்கிறாள். நான் அவனுக்கு ஓம் சொல்லியிருந்தேன்.

"இலை கொண்டு வந்து தந்திட்டுத்தான் மற்றதெல்லாம்," என்றேன்.

எங்கள் கிடங்கின் பின்பக்கம் ரயில் பாதை. நடுவே கம்பி வேலி. அந்த வேலி முழுக்க ஒரு கொடி படர்ந்து கிடந்தது. மூன்று மூன்றாக இலை, நெருப்புப் பிடித்ததுபோலச் சிவப்பு, எண்ணெய் பூசியதுபோல மினுக்கம். மழைக்கு உதிராமல் அது மட்டும் நின்றது. மதிய இடைவேளையில் சாப்பிடாமல், வேலைக் கையுறையோடு, இரண்டு குப்பைப் பைகள் நிறையப் பிடுங்கினேன். அங்கே வேலை செய்த ஒருவரும் என்னைத் தடுக்கவில்லை. அவர்களும் என்னைப்போல வேறெங்கோ பிறந்தவர்கள்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம். வரும் வழியில் பை திறக்கக்கூடாது, எல்லோருக்கும் முன்னால்தான் திறக்கவேண்டும் என்று மகள் முந்திய நாளே சட்டம் போட்டிருந்தாள். உள்ளே போய்த் திறந்தபோது பிள்ளைகள் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மகள் பைக்குப் பக்கத்தில் கடைக்காரி மாதிரி நின்றாள்.

"அத்தாந்தே!"

அவர் வந்தார். பிள்ளைகளைச் சுவர் வரைக்கும் பின்னால் போகச் சொன்னார். ஒரு கடதாசித் துண்டால் ஒரு இலையைப் பிடித்து எடுத்து, கையில் தேய்த்தார். பேனையை என் மகளிடம் கொடுத்தார். அவள் வட்டம் கீறினாள். பிறகு பைகளின் வாயை இறுக்கிக் கட்டி, துப்புரவுச் சாமான் வைக்கும் அறையில் வைத்துப் பூட்டிவிட்டார். பிள்ளைகள் எல்லோரும் ஒரே குரலில் முனகினார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. "அக்கா, இது பெயின்ற் இல்லை. இலை. கொடியில முளைச்சது."

"ஓம் தம்பி. நல்ல வடிவான இல. ஒரு ராவு போகட்டும்."

"ஆந்தை செய்த மஞ்சள் இலைக்கும் போன வருஷம் இப்பிடித்தானே செய்தனீங்கள். இந்த வருஷமும் செய்வீங்கள். அதே இலைதானே?"

"இல அதுதான். புள்ளயள் வேற."

வீட்டு வாசலில் வானை விட்டு இறங்கும்போது மகள், "மதாம் உங்களை நம்பேல்லை," என்றாள். மதாம் என்றால் அவர். அவள் சொன்ன விதத்தில், நம்பாத இன்னொரு ஆளும் அந்த வானுக்குள் இருந்தது எனக்கு விளங்கியது.

அடுத்த நாள் பின்னேரம் நான் போனபோது அவர் கழுவும் தொட்டியில் குளிர்ந்த தண்ணீருக்குக் கீழே கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டைக் கை மேலே சுருட்டியிருந்தது. என் மகள் கீறிய வட்டத்தைக் காணவில்லை. அந்த இடம் சிவந்து வீங்கி, நீர் கோத்த கொப்புளங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, நீலக் கோட்டை உடைத்துக்கொண்டு வெளியே வந்திருந்தன.

"கஜு எண்ண பட்ட மாதிரிக் கிடக்கு தம்பி," என்றார், முந்திரியைச் சொல்லி, சாதாரணமாக. "ஊர்ல கஜுக் கொட்டை சுடக்குள்ள தெறிச்சா இப்பிடித்தான் பொங்கும். இங்க எப்பிடி அந்தச் சாமான் வந்த?"

அவர் சொல்லி முடிக்க முன் நான் பிள்ளைகள் இருந்த பக்கம் ஓடிவிட்டேன். மகளைப் பிடித்து, சட்டைக் கைகளை ஏற்றி, விரல் இடுக்கு, கழுத்து, காதுக்குப் பின்னால், கண் இமை எல்லாம் பார்த்தேன். அவள் கூச்சத்தில் நெளிந்தாள்.

"இலையைத் தொட்டனியோ? ஒண்டையாவது?"

"இல்லை. மதாம் விடேல்லைத்தானே."

ஒன்றும் இல்லை. ஒரு பொட்டுச் சிவப்புக்கூட இல்லை. பிள்ளைகள் இருக்கும் குட்டிக் கதிரை ஒன்றில் இருந்துவிட்டேன். அதில் இருந்துகொண்டுதான் மற்றதை நினைத்தேன். அவ்வளவு பிள்ளைகள். அவ்வளவு நெற்றிகள். கண்ணுக்கு ஒரு விரல் மேலே, சிவப்பாக, வடிவாக. கொண்டு வந்தவன் இன்னாருடைய அப்பா.

பள்ளியைத் துப்புரவு செய்யும் கிழவர் வந்து பைக்குள் ஒரு பார்வை பார்த்தார். இரண்டு அடி பின்னால் போனார். 'எர்ப்-அ-புஸ்' என்றார். அதுதான் அந்த நச்சுக் கொடியின் பெயர். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அதைச் சின்ன வயதிலேயே காட்டிக் கொடுத்துவிடுவார்களாம். எங்களுக்கு யார் காட்டுவது? தடித்த கையுறை போட்டு, பையை இன்னொரு பைக்குள் போட்டு அவரே கொண்டுபோனார். எரித்துவிடலாமா என்று நான் சைகையில் கேட்க, அவர் தன் தொண்டையைப் பிடித்து இருமிக் காட்டினார். புகையும் கூடாது.

பொறுப்பான பெண் ஓடிவந்தார். முகம் வெளுத்துப்போய் இருந்தது. இதை யார் கொண்டு வந்தது என்று கேட்டார். நான் எழும்பினேன். அதற்கு முன் அவர், ஈரக் கையோடு, தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் பதில் சொல்லிவிட்டார். பிள்ளைகள் கேட்டார்கள், அப்பா கொண்டு வந்தார், ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. 'ஒருவருக்கும் ஒன்றும் இல்லை' என்பதை இரண்டு தரம் சொன்னார். இரண்டாம் தரம் சொல்லும்போது சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வீங்கின கையோடு ஒரு ஆள் அவ்வளவு நிம்மதியாக நிற்கலாம் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

மருந்தகத்தில் ஏதாவது வாங்கித் தரட்டுமா என்று கேட்டேன்.

"அத நான் வாங்குவன். புள்ளயளுக்கு நாளைக்கு இல பொறுக்கவேணும். இந்தக் கையோட தனியப் போகேலாது."

"நான் வேற சிவப்பு இலை தேடிக் கொண்டு வாறன் அக்கா. வானில மலைப்பக்கம் போனா..."

"சிவப்பு வேணாம் தம்பி. நீங்க வாங்க."

வியாழக்கிழமை அரை நாள் வேலையை விட்டேன். பூங்காவுக்குப் பிள்ளைகளை இருவர் இருவராகக் கைகோத்துக் கூட்டிப்போனோம். அவர் முன்னால், பொறுப்பான பெண் நடுவில், நான் கடைசியில். மகள் வரிசையை விட்டு என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். திரும்பிப் பார்த்த ஒவ்வொரு பிள்ளைக்கும் பிரெஞ்சில் ஒரே வசனம் சொன்னாள். இவர் என் அப்பா. அவர்களுக்கு அது ஏற்கெனவே தெரியும். அவள் நிறுத்தவில்லை.

நிலமெல்லாம் மஞ்சள். மேப்பிள் இலை, உள்ளங்கையை விடப் பெரிது. பிள்ளைகள் தொட முதல் அவர் ஒன்றை எடுத்தார். இடது கையில் கட்டுப் போட்டிருந்ததால் வலது கையை நீட்டினார். முதல் தரமாக அந்தக் கையில் வட்டம் விழுந்தது. அதன் பிறகு, கையுறை போட்ட பிள்ளைகள் பொறுக்கினார்கள், நான் பை பிடித்தேன்.

வெள்ளிக்கிழமை வட்டத்துக்குள் தோல் சும்மா இருக்க, மஞ்சள் கிரீடத்தோடு ஊர்வலம் போனது. வாசலில் நின்ற தாய்மார் படம் எடுத்தார்கள். "சிவப்பெண்டால் எடுப்பா இருந்திருக்கும்," என்றார் ஒருத்தி.

அவர் இப்போது அந்தப் பள்ளியில் இல்லை. மகன் குடும்பத்தோடு வேறு மாகாணத்துக்குப் போய்விட்டார் என்று கேள்வி. போக முதல் ஒரு நாள் சந்தையில் கண்டேன். இடது கையில் பழுப்பாக ஒரு தழும்பு, ஏறக்குறைய வட்டமாக. நான் அதையே பார்ப்பதைக் கண்டு, "இதுக்கு இனிப் பேனை தேவையில்ல," என்றார். பிறகு கடைக்காரன் ருசி பார்க்க நீட்டிய திராட்சையை வாங்கி, பக்கத்தில் நின்ற யாருடையதோ பிள்ளையைக் கையால் மறித்துவிட்டு, தான் வாயில் போட்டார்.

ஊர்வலம் போன அந்த வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மகள் இன்னொரு கிரீடத்தை எடுத்து வந்தாள். பெரியது. என் தலை அளவுக்குச் செய்தது. நான் குனிந்தேன்.

"பொறுங்கோ அப்பா. முதல் நான்."

அதிலிருந்து ஒரு இலையைப் பிடுங்கித் தன் கையில் தேய்த்தாள். பேனையை என்னிடம் தந்தாள். நான் கீறினேன். என் வட்டம் அவளுடையதை விடக் கோணல்.

"இது மதாம் பாத்த இலைதானே?"

"மதாம் பாத்தது பிள்ளையளுக்கு. இது பெரிய ஆளுக்கு. நாளைக்குத்தான் போடலாம்." பிறகு என் முகத்தைப் பார்க்காமல் பேனையின் மூடியைத் தேடினாள். "நாளைக்கு நிப்பீங்களோ?"

அப்படி ஒரு கேள்வியை அவள் என்னிடம் கேட்டுக் கனகாலம். நான் வாசலுக்குப் போய் நண்பனுக்கு அழைப்பு எடுத்தேன்.

"நீ போ மச்சான். எனக்கு ஒரு ராத்திரி வேணும்."

"விசரா உனக்கு? ஒரு ராத்திரியில என்ன நடக்கப்போகுது?"

"ஒண்டும் நடக்காட்டி நல்லம்," என்றேன்.

சனிக்கிழமை காலை அவள் என்னை எழுப்பினாள். ஜன்னல் வெளிச்சத்தில் கையை நீட்டி, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிக் காட்டினாள். வட்டத்துக்குள் தோல் சும்மா இருந்தது.

"ஒண்டும் இல்லை," என்று சொல்லிவிட்டு, கிரீடத்தை என் தலையில் வைத்தாள்.